ஐந்து அங்குலம் அரை நூல்: கொருக்குப்பேட்டையில் ஒரு தகரப் பட்டறை

இந்தப் பட்டறைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து கொருக்குப்பேட்டைப் பக்கம் போகும்போது, ரயில் பாதை கண்ணில் படுவதற்குச் சற்று முன்னால் ஒரு சந்து திரும்புகிறது. சந்தின் முனையில் ஓர் இஸ்திரி வண்டி நிற்கும். அதைத் தாண்டி நான்காவது ஷட்டர். அடையாளம் தெரியாவிட்டால் காதை நம்பலாம்; தகடு வெட்டும் இயந்திரம் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை 'தடக்' என்று தெருவையே ஒரு தட்டுத் தட்டும்.

இங்கே அன்றாடம் நடக்கும் வேலை வேறு. காசிமேட்டு மீன் வியாபாரிகளுக்குத் தட்டு, டிபன் கடைக்குக் கல்லாப் பெட்டி, தள்ளுவண்டிக்கு மேல் தகரம், மின் மீட்டருக்குக் கூண்டு, இட்லிக் கொப்பரைக்குக் காணாமல் போன மூடி. இவற்றுக்கு நடுவே இரண்டு ஆண்டுகளாக என் மாடுலர் சிந்தசைசரின் முகப்புத் தகடுகளும் இங்கேதான் வெட்டப்படுகின்றன. இதுவரை 21 தகடுகள், ஒரு பெட்டி, மின்சாரப் பகுதியை மூடும் ஒரு கூண்டு. "சென்னையில் இதையெல்லாம் யார் செய்து தருகிறார்கள்?" என்று என்னைக் கேட்கும் ஆட்களின் எண்ணிக்கை கூடிவிட்டதால் ஒரே முறையாக எழுதி வைத்துவிடுகிறேன்.

மாடுலர் சிந்தசைசர் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. சாதாரணக் கீபோர்டில் ஒலியை உண்டாக்குவது, வடிகட்டுவது, ஏற்றி இறக்குவது எல்லாம் உள்ளே ஏற்கெனவே இணைக்கப்பட்டிருக்கும். மாடுலரில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிச் சிறு கருவி; அதற்கு மாட்யூல் என்று பெயர். அவற்றை வெளியே வயர் போட்டு நாமேதான் இணைக்க வேண்டும். வயரை மாற்றினால் கருவியே மாறிவிடும். அமெரிக்காவில் மூகும் புக்லாவும் 1960களின் நடுவில் தொடங்கி வைத்த வழி இது. இந்தியாவுக்கும் புதிதல்ல, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-லேயே ஒரு பெரிய மூக் மாடுலர் வந்து இறங்கியிருக்கிறது. இன்று பரவலாக இருக்கும் சிறிய அளவு யூரோராக். ஜெர்மனியைச் சேர்ந்த டீட்டர் டோப்ஃபர் 1990களின் நடுவில் கொண்டுவந்த ஏ-100 வரிசையிலிருந்து அது பரவியது.

நான் தொலைபேசித் துறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன். 2020 ஜனவரி 31 அன்று விருப்ப ஓய்வில் வெளியே வந்தேன். வீடு தண்டையார்பேட்டை. வேலையில் சேர்ந்த புதிதில், கயிறு போன்ற வயர்களைத் துளைகளில் செருகி அழைப்புகளை இணைக்கும் பழைய ஸ்விட்ச்போர்டு ஒன்று எங்கள் எக்ஸ்சேஞ்சின் மூலையில் தூசி படிந்து கிடந்தது. ஓய்வு பெற்ற பிறகு, மாடுலர் வாசிக்கும் ஓர் இளைஞனின் காணொளியைப் பேரன் காட்டியபோது, "இது நம் டிரங்க் போர்டு அல்லவா!" என்றுதான் சொன்னேன். அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். இப்போதும் என் வயர்களுக்குக் கேபிள் ஜோடிகளின் நிற வரிசைதான்: சுருதியை ஏற்றி இறக்கும் வோல்டேஜுக்கு நீலம், ஸ்வரத்தைத் தட்டி எழுப்பும் வோல்டேஜுக்கு ஆரஞ்சு, ஒலிக்குப் பச்சை. பழுப்பும் சிலேட்டும் மற்றவற்றுக்கு. இரவில் இருட்டில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாது.

மின்னணுப் பாகங்களுக்குச் சென்னையில் குறையில்லை. ரெசிஸ்டர், கெபாசிட்டர், டி.எல்.072 ஆப் ஆம்ப் சில்லு, ரிப்பன் கேபிள் எல்லாம் ரிச்சி தெருவில் ஒரு முற்பகலில் முடிந்துவிடும். வயரைச் செருகும் துளையான, செங்குத்தாக நிற்கும் 3.5 மில்லிமீட்டர் மோனோ ஜாக் மட்டும் நான் தேடிய கடைகளில் கிடைக்கவில்லை, தபாலில் வரவழைத்தேன். சிக்கல் முகப்புத் தகட்டில்தான். வெறும் அலுமினியத் துண்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தகட்டின் விலையைவிடத் தபால் செலவு முந்திக்கொள்ளும். தகடு என்ன, வெறும் மூடிதானே என்று நானும் அலட்சியமாகத்தான் இருந்தேன். முதல் நான்கு மாட்யூல்களுக்கு மெல்லிய பிளாஸ்டிக் அட்டையில் ஓட்டை போட்டுச் சமாளித்தேன்.

அதன் பலனைச் சொல்ல வேண்டும். ஒலியை உண்டாக்கும் மாட்யூல்தான் ஆசிலேட்டர். ஷட்ஜத்துக்கு ஓர் ஆசிலேட்டர், பஞ்சமத்துக்கு ஓர் ஆசிலேட்டர் என்று வைத்துத் தம்பூரா போல ஓடவிடுவது எனக்குப் பிடித்த வேலை. யூரோராக்கில் ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறும். அந்த ஒரு வோல்ட்டைப் பன்னிரண்டு சம பங்காக்கி ஏழாவது படியில் பஞ்சமத்தை வைத்தால் 0.583 வோல்ட். ஆனால் காது கேட்கும் தூய பஞ்சமம் ஷட்ஜத்தின் அதிர்வைப் போல ஒன்றரை மடங்கு, அதற்கு 0.585 வோல்ட் வேண்டும். இடைவெளி இரண்டு மில்லிவோல்ட்கூட இல்லை. ஒரு கட்டை ஷட்ஜத்தை 130.8 ஹெர்ட்ஸில் வைத்தால், அந்தச் சிறு இடைவெளியால் இரண்டு ஒலிகளும் உரசி, இரண்டேகால் நொடிக்கு ஒரு முறை ஓர் அலை மெல்ல எழுந்து அடங்கும். அந்த அலை முற்றிலும் நிற்கும்வரை குமிழைத் தலைமுடி அளவு திருப்ப வேண்டும். நின்ற கணத்தில் அறையே சற்று அகலமானது போல இருக்கும். பிளாஸ்டிக் அட்டையில் நடந்தது என்னவென்றால், விரலை வைத்து அழுத்தும்போது அட்டை உள்வாங்கியது, அலை நின்றது. விரலை எடுத்தேன், அட்டை நிமிர்ந்தது, அலை திரும்பி வந்தது. ஒரு மாலை முழுவதும் இதே கண்ணாமூச்சி. போதாக்குறைக்கு, கையை அருகில் கொண்டுபோனாலே 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். உலோகத் தகடு ஜாக்குகளின் கழுத்து வழியாகப் பூமி இணைப்பைப் பெற்று உள்ளே இருப்பதற்குக் கவசமாக நிற்கும். பிளாஸ்டிக்கில் அது எப்படி நடக்கும்?

அப்போதுதான், தள்ளுவண்டி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் இந்தப் பட்டறையைக் காட்டினார்.

பட்டறையின் உரிமையாளரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அறுபதை ஒட்டிய வயது. காதில் ஒரு பென்சில், சட்டைப் பையில் இன்னொன்று. முதல் நாள் நான் போய், "பத்து எச்.பி. அகலத்தில் தகடு வேண்டும்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பத்து எச்.பி. என்றால் பெரிய மோட்டார் ஆயிற்றே சார். அடித்தட்டு ஆறு மில்லிமீட்டர் போட்டால்தான் தாங்கும்" என்றார். எச்.பி. என்பது குதிரைத்திறன் அல்ல, கருவியின் அகலத்தை அளக்கும் அலகு, ஓர் எச்.பி. என்பது 5.08 மில்லிமீட்டர் என்று விளக்குவதற்குள் தேநீர் வந்து ஆறியும் போனது.

"சரி, உயரம்?"

"128.5 மில்லிமீட்டர்."

மாஸ்டர் மில்லிமீட்டரில் யோசிக்கிறவர் அல்ல. அவருடைய உலகம் அங்குலமும் நூலும். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். வடசென்னைப் பட்டறைகளில் தச்சரும் கொல்லரும் இன்றும் அதில்தான் பேசுகிறார்கள். டேப்பை இழுத்தார், கண்ணைச் சுருக்கினார், "ஐந்து அங்குலம் அரை நூல்" என்றார். அரை நூல் என்று குத்துமதிப்பாக ஏதோ சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஐந்து அங்குலம் 127 மில்லிமீட்டர். அரை நூல் 1.59. மொத்தம் 128.59. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஜெர்மன்காரர் வகுத்த அளவு கொருக்குப்பேட்டை நூலில் இவ்வளவு கச்சிதமாக வந்து உட்காரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இதற்குக் காரணமும் உண்டு. யூரோராக்கின் மூலமே, மின்னணுக் கருவிகளைச் சட்டத்தில் அடுக்கும் 19 அங்குல ராக் முறைதான். மூன்று யூனிட் உயரம் என்றால் ஐந்தேகால் அங்குலம். மேலும் கீழும் சட்டத்தின் உதட்டுக்கு இடம் விட்டதுபோகத் தகட்டுக்கு மிஞ்சுவது 128.5. அகலத்திலும் ஐந்து எச்.பி. சேர்ந்தால் சரியாக ஓர் அங்குலம். மில்லிமீட்டரில் எழுதி வைத்திருக்கிறார்களே தவிர, உள்ளே ஓடுவது அங்குல ரத்தம்.

தகட்டின் கனமும் அப்படித்தான். இரண்டு மில்லிமீட்டர் அலுமினியம் என்றேன். "பதினான்கு கேஜ்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் எடுத்துவந்தார். வெர்னியரில் அளந்தேன், 2.03. இனி இவரிடம் எதையும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை என்ற தைரியம் வந்தது. அந்தத் தைரியமே என்னைக் கவிழ்த்தது.

பத்து எச்.பி. என்றால் இரண்டு அங்குலம்தானே? எட்டுத் தகடுகள், ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம் என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். மாஸ்டர் எழுதியதை அப்படியே வெட்டினார். வெட்டு இயந்திரத்தில் ஒவ்வொன்றும் முடியளவு கூடுதலாகவே வந்தது. குறைத்து வெட்டினால் திருத்த முடியாது என்பது தகரக்காரர்களின் வழக்கம். வீட்டில் பெட்டியில் மாட்டினேன். 84 எச்.பி. வரிசையில் எட்டும் உட்கார்ந்தன. கடைசியில் நான்கு எச்.பி. தகடு ஒன்று உட்கார வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் போல இடம் போதவில்லை. தவறு முழுக்க என்னுடையது. பத்து எச்.பி. தகட்டை 50.8 ஆக வெட்டக்கூடாது, 50.5 ஆக வெட்ட வேண்டும் என்று டோப்ஃபர் அட்டவணையிலேயே இருக்கிறது. எட்டு எச்.பி.க்கு 40.3, நான்குக்கு 20. அந்த 0.3 எதற்காக என்று நான் யோசிக்கவே இல்லை. எட்டுத் தகடுகளையும் மறுபடி தூக்கிக்கொண்டு போனேன். மாஸ்டர் திட்டவில்லை. ஒவ்வொன்றையும் வைஸில் கவ்வி, அரத்தால் பக்கவாட்டில் பதினைந்து இழுப்பு, திருப்பிப் போட்டு ஐந்து இழுப்பு. அதற்குக் காசும் வாங்கவில்லை. "முதலில் இந்த அட்டவணையைக் கொடுத்திருக்கலாமே சார்" என்று மட்டும் சொன்னார். அது திட்டியதைவிட அதிகமாகவே உறைத்தது.

இங்கே வேலை நடக்கும் விதத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பணம் கொடுக்கத் தகுந்தது அதற்குத்தான். மெல்லிய அலுமினியத்தில் சாதாரண டிரில்லால் ஆறு ஏழு மில்லிமீட்டர் ஓட்டை போட்டால் வட்டம் வராது. மூன்று மூலை வைத்தாற்போல் ஒரு கோணல் ஓட்டை வரும். ஜாக்குக்கு ஆறு, குமிழைத் தாங்கும் பொட்டென்ஷியோமீட்டருக்கு ஏழு, திருகுக்கு 3.2 என்று மூன்று வகை ஓட்டைகள் எனக்கு வேண்டும். மாஸ்டர் முதலில் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி குத்துவார். சுத்தியலைத் தூக்குவதே தெரியாது. மணிக்கட்டு மட்டும் அசையும். பிறகு எல்லாப் புள்ளியிலும் இரண்டரை மில்லிமீட்டர் ஓட்டை. பிறகு ஸ்டெப் டிரில், படிக்கட்டுப் போலக் கூம்பாக இருப்பது. ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் மண்ணெண்ணெய், அதில் தோய்த்த ஒரு வாழைநார். ஒவ்வொரு ஓட்டைக்கும் முன் நாரால் ஒரு தொடல். அலுமினியம் சூடானால் டிரில்லில் அப்பிக்கொள்ளும்; மண்ணெண்ணெய் பட்டால் வெள்ளிச் சுருளாக அழகாகக் கழன்று வரும். கடைசியில் பெரிய டிரில் ஒன்றைக் கையிலேயே பிடித்து, ஓட்டையின் விளிம்பில் இரண்டு சுற்று. பிசிறு போய்விடும். அந்த இரண்டு சுற்றை அவர் எந்த ஓட்டைக்கும் விட்டதில்லை, தகட்டின் பின்பக்கத்துக்குக்கூட.

இரண்டாவது தொகுதியில் ஒரு விபத்து. ஓட்டைகளின் இடத்தைக் கணினியில் வரைந்து, தாளில் அச்சடித்து, தகட்டின் மேல் ஒட்டிக் கொடுத்திருந்தேன். வந்த தகட்டில் சர்க்கியூட் பலகை பொருந்தவில்லை. நான்கு பொட்டென்ஷியோமீட்டர்களில் முதலாவது சரியாக உட்கார்ந்தது, நான்காவது ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் விலகி நின்றது. அவசரத்தில் நெம்பிப் பொருத்தினேன். பற்றவைப்பில் இரண்டு இடம் விரிசல் விட்டது. மாஸ்டர்மேல் எனக்குக் கோபம். தாளைக் கொண்டுபோய் அவர் முன்னால் போட்டேன். அவர் டேப்பை எடுத்து என் தாளையே அளந்தார். "சார், உங்கள் தாளிலேயே ஐந்து அங்குலம் இல்லையே." 128.5 இருக்க வேண்டிய கோட்டில் 124.6 தான் இருந்தது. அச்சடித்த கடையில் பக்கத்துக்குள் அடங்கும்படி 97 சதவீதமாகச் சுருக்கி அச்சிட்டுவிட்டார்கள். உயரத்தை மாஸ்டர் தன் நூல் கணக்கில் சரியாக வெட்டியிருந்தார். ஓட்டைகளைத் தாளை நம்பிக் குத்தியிருந்தார். அன்றிலிருந்து என் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் 100 மில்லிமீட்டர் கோடு ஒன்று இருக்கும். கடையை விட்டுக் கிளம்புமுன் அதை அளந்து பார்த்துவிடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பெட்டியைப் பற்றிச் சுருக்கமாக. பக்கப் பலகைகள் இராயபுரத்தில் இடித்த ஒரு வீட்டின் தேக்கு. பக்கத்துச் சந்துத் தச்சர் இழைத்துக் கொடுத்தார். தகடுகளைத் திருகும் சட்டத்துக்கு, எம்3 சதுர நட்டு சுழலாமல் வழுக்கி ஓடும்படியான ஓர் அலுமினியத் தடத்தை மாஸ்டர் தன் பழைய குவியலிலிருந்து தேடி எடுத்தார். அரை மணி நேரம் குவியலைக் கிளறினார். நான் பக்கத்தில் நட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திருகு ஓட்டைகள் மேலும் கீழும் 122.5 மில்லிமீட்டர் இடைவெளியில் வர வேண்டும். வந்தது.

எழுத்துகள் தனிக் கதை. முகப்பில் எந்தக் குமிழ் எது என்று எழுத வேண்டும். ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு 21 தகடும் 21 வகை, கட்டுப்படியாகாது. மாஸ்டர் கைகாட்டியது ஒரு பாத்திரக் கடையை. கல்யாணப் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறார்களே, அதே ஆள், அதே அதிரும் ஊசி. முதல் தகட்டைக் கொடுத்ததும், "யாருடைய அன்பளிப்பு?" என்று கேட்டார். யாருடையதும் அல்ல, இங்கே 'சுருதி', இங்கே 'நுண்சுருதி', இங்கே 'நாதம் வெளியே' என்று எழுதுங்கள் என்றேன். புள்ளிப் புள்ளியாக அழகாக வெட்டினார். பழக்க தோஷத்தில் கீழே தேதியையும் போட்டுவிட்டார். அதை அப்படியே விட்டுவிட்டேன். இப்போது எல்லாத் தகட்டிலும் தேதி போடச் சொல்லிக் கேட்டு வாங்குகிறேன்.

குறைகளுக்கு வருகிறேன். மாஸ்டரின் வியாழக்கிழமை என்பது சனிக்கிழமை. மீன் தட்டு அவசரமாக வந்தால் அது திங்கள். போனில் படம் அனுப்பினால் பார்க்கமாட்டார், தாள்தான் வேண்டும். பில் கிடையாது. வெட்டிய தகட்டை இரும்புத் தூள் கிடக்கும் மேசையில் அப்படியே கவிழ்த்து வைப்பார்கள். என் முதல் எட்டுத் தகடுகளில் ஆறின் முகத்தில் கீறல். அதனால் பழைய செய்தித்தாள் ஒரு கட்டும் ரப்பர் பேண்டும் கொண்டுபோய் உதவியாளர் தம்பியிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். அவன் சுற்றி வைப்பான். சிறு திரைக்கான சதுர வாசல் கேட்காதீர்கள். நான்கு ஓட்டை போட்டு அரத்தால் ராவி எடுக்கிறார்கள். மூலை ஒன்று தப்பாமல் கோணிக்கொள்ளும். அந்த வேலைக்கு லேசர் வெட்டுக்காரர்தான் சரி. அலுமினியத்தின் மேல் காப்புப் பூச்சு ஏற்றும் ஆனோடைசிங்கும் இங்கே இல்லை, வெளியே அனுப்பி வாங்குகிறார்கள். கடல் காற்று வரும் பகுதியில் வெறும் அலுமினியம் சில மாதங்களில் வெளுத்துச் சோகை பிடித்தாற்போல் ஆகிவிடும் என்பதால் நான் செய்துகொண்டேன். ஆனால் அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. தகட்டின் பின்பக்கம் ஜாக் உட்காரும் இடத்தில் உப்புத்தாளால் கொஞ்சம் சுரண்டிவிடாவிட்டால் பூமி இணைப்பு கிடைக்காது, பழைய இரைச்சல் வாசலில் வந்து நிற்கும். எனக்கு வந்தது.

விலை? பத்து எச்.பி. தகடு ஒன்று, பன்னிரண்டு ஓட்டைவரை, நான் தொடங்கியபோது 220 ரூபாய். இப்போது 260. அலுமினியம் அவருடையது. பேரம் பேசியதில்லை. வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவனுக்குப் பேரம் பேச வாய் வராது.

மின்சாரப் பகுதியின் கூண்டைச் செய்தபோது நடந்ததையும் சொல்லிவிட வேண்டும், அதில் பட்டறைக்குப் பங்கில்லை என்றாலும். யூரோராக்குக்கு பிளஸ் 12 வோல்ட், மைனஸ் 12 வோல்ட் இரண்டும் வேண்டும். ரிப்பன் கேபிளின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு ஓடும். சிவப்பு என்றால் பிளஸ் என்று கை தானாகச் செருகிவிட்டது. இந்த உலகில் சிவப்புக் கோடு மைனஸ் 12. எக்ஸ்சேஞ்சில் பேட்டரியின் நேர்முனையைப் பூமியில் இணைத்து, மைனஸ் 48 வோல்ட்டில் 31 ஆண்டு புழங்கியவன். நிறத்தை நம்பாதே, மீட்டரை நம்பு என்று புதிதாக வந்தவர்களுக்குப் பாடம் எடுத்தவன். இரண்டு ஆப் ஆம்ப்கள் மெலிதான ஒரு வாசனையோடு விடைபெற்றன. கூண்டின் மூடியில் இப்போது மாஸ்டரின் எழுத்து பஞ்சால் 'சிவப்பு மைனஸ்' என்று குத்தி வைத்திருக்கிறேன்.

தகடுகள் எல்லாம் ஏறி, பெட்டி முழுமையான அன்று முதலில் என்ன வாசிக்கலாம் என்று யோசித்தேன். ராகம் எதுவும் தோன்றவில்லை. கை தானாகப் போன இடம் டயல் டோன். நம் நாட்டு டயல் டோன் 400 ஹெர்ட்ஸ், அதன்மேல் 25 ஹெர்ட்ஸ் நடுக்கம். ஆசிலேட்டரை மீட்டர் வைத்து 400-க்குக் கொண்டுவந்தேன். மெதுவாக அசையும் இன்னோர் ஆசிலேட்டரை 25-க்கு ஏற்றி, ஒலியளவைக் கட்டுப்படுத்தும் மாட்யூலில் பழுப்பு வயரால் இணைத்தேன். பச்சை வயர் வெளியே. அவ்வளவுதான், 'கர்ர்ர்' என்று அந்தப் பழைய குரல் கூடத்தில் எழுந்தது. சமையலறையிலிருந்து என் மனைவி ஈரக்கையோடு வெளியே வந்தாள். வந்தவள் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலோரம் தொலைபேசி முன்பு இருந்த ஸ்டூலைப் பார்த்தாள். "ரிசீவரைச் சரியாக வைக்கவில்லையா?" என்றாள். அந்த ஸ்டூலில் இப்போது துளசித் தொட்டி இருக்கிறது.

பெட்டியைப் பட்டறைக்கும் கொண்டுபோய்க் காட்டினேன். தான் செய்த தகடு எதற்கு என்று ஒன்றரை ஆண்டாக மாஸ்டர் கேட்டதே இல்லை. நானாகத்தான் எடுத்துப் போனேன். அவரிடம் ஒரு சின்ன ஒலிபெருக்கி, மதியத்தில் பாட்டுக் கேட்க. யூரோராக்கின் ஒலி பத்து வோல்ட் உயரம் வரை ஆடும். அப்படியே அதில் கொடுத்தால் கிழிந்துவிடும். கடைசி மாட்யூலில் நன்றாகக் குறைத்துக் கொடுத்தேன். முதலில் தம்பூரா. தலையை ஆட்டினார், மரியாதைக்கு. பிறகு 400 ஹெர்ட்ஸை முக்கால் நொடி ஒலி, முக்கால் நொடி மௌனம் என்று வெட்டிக் காட்டினேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்கேஜ்டு!" என்றார். தன் அண்ணன் துபாயில் இருந்த காலத்தில் எஸ்.டி.டி. பூத்தில் இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வரிசையில் நின்றதைச் சொன்னார். தம்பிக்கு இரண்டும் விளங்கவில்லை. "எங்கேஜ்டு என்றால் என்ன மாஸ்டர்?" என்று கேட்டான். மாஸ்டர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார்.

போன ஆயுத பூஜைக்குப் போயிருந்தபோது டிரில்லுக்கும் வெட்டு இயந்திரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். அவற்றோடு சுவரில் ஆணியில் தொங்கிய ஓர் அலுமினியப் பட்டைக்கும் ஒரு பொட்டு. எடுத்துப் பார்த்தேன். ஒவ்வோர் அங்குலத்தையும் கவராயத்தால் ஐந்தாகப் பிரித்துப் புள்ளி குத்தியிருந்தது. மொத்தம் 84 புள்ளி. என் அட்டவணையின் 0.3 கழிவுக்கு ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு வேறு. நான் கேட்காமலே செய்து வைத்திருக்கிறார். பட்டறையில் அதற்குப் பெயர் 'சார் நூல்'.

எனவே நீங்கள் போனால் எச்.பி. என்று சொல்ல வேண்டாம். மோட்டார் பேச்சில் அரை மணி நேரம் போய்விடும். 'சார் நூலில் பத்து' என்று கேளுங்கள். ஞாயிறன்று மதியம்வரைதான் திறந்திருக்கும்.